இரண்டு பேர், ஒரு டைம்லைன்: குறும்பட எடிட்டிங் கேள்வி-பதில்

கல்லூரிக்காகக் குறும்படம் எடுத்து, வகுப்புத் தோழரோடு சேர்ந்து எடிட் செய்யும் மாணவர்கள் மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எடிட்டிங்கில் வரும் பாதிச் சிக்கலுக்கு, ஃபுட்டேஜை, அதாவது எடுத்த காட்சிப் பதிவுகளை, ஹார்ட் டிஸ்க்கில் கொட்டுகிற அன்றே விதை விழுந்துவிடுகிறது. அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நானும் என் தோழியும் 12 நிமிடக் குறும்படம் ஒன்றை எடிட் செய்கிறோம். எனக்கு ஒத்தக்கடை, அவளுக்குத் திருமங்கலம். இருவரிடமும் டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பு இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை அவளிடம் கொடுத்தால் அவள் லேப்டாப்பில் புராஜெக்ட்டே தெரிவதில்லை. எப்படியோ திறந்தாலும் எல்லா ஷாட்டும் சிவப்பாக 'மீடியா ஆஃப்லைன்' என்று வருகிறது. என்ன செய்வது?
— விஸ்காம் மாணவி, ஒத்தக்கடை

இதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன, தனித்தனியாகத்தான் தீர்க்க வேண்டும்.

முதலாவது, ரிசால்வ் தன் புராஜெக்ட்டை ஃபுட்டேஜ் இருக்கும் ஃபோல்டரில் வைப்பதில்லை. உங்கள் லேப்டாப்புக்குள் இருக்கும் ஒரு டேட்டாபேஸில் வைக்கிறது. ஹார்ட் டிஸ்க் கை மாறினாலும் புராஜெக்ட் உங்கள் வீட்டிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஃபைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட் புராஜெக்ட்' கொடுத்து, வரும் டி.ஆர்.பி. ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள். அதில் வெட்டிய விவரம் மட்டும்தான் இருக்கும், காட்சிகள் இருக்காது. அதனால் வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாகக்கூட அனுப்பலாம். தோழி அதைத் தன் லேப்டாப்பில் இம்போர்ட் செய்ய வேண்டும்.

இரண்டாவது, டிரைவ் எழுத்து. உங்கள் விண்டோஸ் அந்த டிஸ்க்குக்கு 'இ' என்று பெயர் வைத்திருக்கும். அவள் லேப்டாப் 'எஃப்' என்று வைக்கும். சாஃப்ட்வேர் பழைய முகவரியில் போய்த் தேடிவிட்டு, காணவில்லை என்று சிவப்பு காட்டுகிறது. இரண்டு லேப்டாப்பிலும் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து, அந்த டிஸ்க்குக்கு 'எம்' மாதிரி யாரும் தொடாத ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டால் போதும். ஏற்கெனவே ஆஃப்லைன் ஆனவற்றை மீடியா பூலில் (இம்போர்ட் செய்த ஃபைல்கள் வரிசையாகத் தெரியும் பகுதி) மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, 'ரீலிங்க்' கொடுத்து ஃபோல்டரைக் காட்டுங்கள்.

ரீலிங்க் செய்யும்போது இன்னொரு குழி இருக்கிறது. கேமராக்கள் புது கார்டு போட்டதும் ஃபைல் எண்ணை மறுபடி 0001 என்று தொடங்கலாம். முதல் நாள் 0001, இரண்டாம் நாள் 0001 இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க முடியாது; ஒன்று மற்றதை அழித்துவிடும், அல்லது தவறான ஷாட் வந்து ஒட்டிக்கொள்ளும். நாள் 1 கார்டு 1, நாள் 1 கார்டு 2 என்று தனித்தனி ஃபோல்டர் போடுங்கள். பெயர்களை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். ஒருமுறை இம்போர்ட் செய்த பிறகு எந்த ஃபைலின் பெயரையும் மாற்றவே கூடாது. ஒலி, இசை, டைட்டில் படங்கள் எல்லாம் அதே தாய் ஃபோல்டருக்குள் வர வேண்டும். டெஸ்க்டாப்பிலிருந்தும் டவுன்லோட்ஸிலிருந்தும் நேரடியாக டைம்லைனுக்கு (ஷாட்களையும் ஒலியையும் வரிசையாக அடுக்கும் இடம்) இழுத்த ஒரு பாட்டு, தோழியின் லேப்டாப்பில் கட்டாயம் காணாமல் போகும்.

ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பிப் பேருந்தில் அனுப்புவதை நாங்கள் ஒப்புக்கொள்ளவே மாட்டோம். இரண்டு டிஸ்க் வாங்கி, இரண்டிலும் அதே ஃபுட்டேஜ், அதே ஃபோல்டர் அமைப்பு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இருவருக்கும் இடையே போய் வர வேண்டியது சின்ன ஃபைல்கள் மட்டும்தான். நெட்டில் ஃபுட்டேஜை ஏற்றலாமே என்று தோன்றும். 100 ஜிபியை, நொடிக்கு 20 மெகாபிட் அப்லோடு வேகத்தில் ஏற்ற 11 மணி நேரம் ஆகும். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுப்பது அதைவிட வேகம்.

வேலையைக் காட்சிவாரியாகப் பிரியுங்கள். ஒருவர் 1 முதல் 5, மற்றவர் 6 முதல் 9 என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு காட்சியையும் தனி டைம்லைனாகக் கட்டுங்கள். முடிந்த டைம்லைனை மட்டும் டி.ஆர்.டி. ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து அனுப்பலாம். எல்லாவற்றையும் கோக்கும் மாஸ்டர் டைம்லைன் ஒரே ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். இருவரும் ஒரே இரவில் மாஸ்டரைத் தொட்டால், மறுநாள் எது புதியது என்று யாருக்கும் தெரியாது. 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' என்றெல்லாம் பெயர் வைக்காமல், பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள். பாதியில் சாஃப்ட்வேரை அப்டேட் செய்யாதீர்கள். புதிய பதிப்பில் சேமித்த புராஜெக்ட் பழைய பதிப்பில் திறக்காது. பிரீமியர் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

8 ஜிபி ரேம் லேப்டாப். 4கே-யில் எடுத்துவிட்டோம். டைம்லைனில் ஓட்டினால் திக்கித் திக்கி நிற்கிறது. சில நேரம் மொத்தமாக ஹேங் ஆகிறது.
— மாணவர், அவனியாபுரம்

கேமராவும் போனும் எச்.264, எச்.265 முறையில் பதிவு செய்கின்றன. இதில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. எப்போதாவது ஒரு முழுப் படம், இடையில் உள்ளவற்றில் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். நீங்கள் டைம்லைனில் ஓர் இடத்தைத் தொட்டால், லேப்டாப் பின்னால் போய் முழுப் படத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வர வேண்டும். திக்குவது அதனால்தான்.

பிராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் பயன்படும் சிறிய நகல், செய்யுங்கள். புராஜெக்ட் செட்டிங்கில் பிராக்ஸி அளவைக் கால் பங்காக வைத்து, டி.என்.எக்ஸ்.எச்.ஆர். எல்.பி. ஃபார்மட் தேர்ந்தெடுத்து, மீடியா பூலில் எல்லா ஷாட்டையும் தேர்ந்து 'ஜெனரேட் பிராக்ஸி' கொடுத்துவிட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். இந்த முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதால் முன்னும் பின்னும் இழுக்கச் சுலபம். இறுதி ரெண்டருக்கு (எடிட்டை ஒரே வீடியோ ஃபைலாக வெளியெடுப்பதற்கு) முன் அசல் ஃபுட்டேஜுக்கு மாறிவிட்டீர்களா என்று பாருங்கள். மறந்து பிராக்ஸியிலேயே ரெண்டர் செய்தால் திரையில் மங்கலாக இருக்கும். 10 பிட் 4:2:2 என்ற, நிற விவரம் அதிகமுள்ள முறையில் எடுத்த கேமரா ஃபைல்கள் இலவச ரிசால்வில் ஒலி மட்டும் வந்து படம் வராமல் போகலாம். அவற்றை முதலில் வேறு ஃபார்மட்டுக்கு மாற்றியே ஆக வேண்டும். அடுத்த படத்துக்கு 8 பிட் வையுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் மூடிய அறையில் ரெண்டர் போட்டால் பிராசஸர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பை மெத்தையில் வைக்காமல் மேஜையில், அடியில் காற்றுப் போகும்படி தூக்கி வைத்து, ரெண்டரை ராத்திரிக்கு மாற்றுங்கள். மின்தடை நாளில் ரெண்டர் போடவே வேண்டாம். லேப்டாப் பேட்டரியில் தாக்குப் பிடித்தாலும், தனி மின்சாரத்தில் ஓடும் ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும்.

ஒரு காட்சியைக் கேமராவில் நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தோம். மற்றதைப் போனில் 30-இல் எடுத்தோம். போன் ஷாட்டில் தொடக்கத்தில் சரியாக இருக்கும் உதட்டசைவு, போகப் போக ஒலியோடு பொருந்தவில்லை.
— இரண்டு நண்பர்கள், மேலூர்

ஃபிரேம் கணக்கு கலந்தது ஒரு பக்கம். உதட்டசைவு விலகுவதற்குக் காரணம் வேறு. போன் வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்து ஃபிரேம் வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைத்துக்கொண்டே பதிவு செய்கிறது. 30 என்று எழுதியிருந்தாலும் நடுவில் 29-க்கும் கீழே இறங்கும். ஒலியோ ஒரே சீராகப் போகிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் போன் ஷாட்களைப் போட்டு, வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட் 30, 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்று வைத்து, தரத்தை ஆர்.எஃப். 16 முதல் 18-க்குள் கொடுத்து மாற்றுங்கள். இதை எடிட்டுக்கு முன்பே செய்ய வேண்டும். வெட்டிய பிறகு மாற்றினால் எல்லா வெட்டும் இடம் தப்பும்.

டைம்லைனை 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஷாட்டை இம்போர்ட் செய்யும் முன்பே வைத்துவிடுங்கள். 30 ஃபிரேம் ஷாட் 25-க்குள் வரும்போது ஆறில் ஒரு ஃபிரேம் கழன்றுவிடும். ஆள் உட்கார்ந்து பேசும் ஷாட்டில் அது தெரியாது. கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால், அல்லது பைக் குறுக்கே போனால் வெட்டி வெட்டித் தெரியும். பேச்சு இல்லாத அப்படிப்பட்ட ஷாட்டின் வேகத்தை 83.33 சதவீதம் என்று வையுங்கள். எல்லா ஃபிரேமும் ஓடும், அசைவு வழுவழுப்பாகிவிடும், கொஞ்சம் மெதுவாக இருப்பது பார்ப்பவருக்கு உறுத்தாது. அடுத்த முறை போனில் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப்பில் 25 என்று வைத்து எடுங்கள்.

வீட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் பட்டை பட்டையாக ஓடுகிறது. எடிட்டில் சரி செய்யலாமா?
— மாணவி, திருப்பரங்குன்றம்

முழுதாக முடியாது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. கேமராவின் ஷட்டர் வேகம் 1/60 நொடி என்று இருந்தால் அதோடு இசையாமல் பட்டை ஓடும். 1/50 அல்லது 1/100 வைத்திருந்தால் வந்திருக்காது. இப்போதைக்கு, அதே ஷாட்டை மேல் டிராக்கில் நகலெடுத்து, ஒரு ஃபிரேம் தள்ளி வைத்து, மேல் ஷாட்டின் ஒப்பாசிட்டியை 50 சதவீதம் ஆக்கி, பாதி ஊடுருவித் தெரியும்படி வைத்துப் பாருங்கள். மினுக்கம் குறையும், ஆனால் கையை ஆட்டினால் நிழல் போல இரட்டையாகத் தெரியும். அசைவில்லாத ஷாட்டுக்கு மட்டும் இது உதவும். முக்கியமான காட்சி என்றால், ஒரு மாலை ஒதுக்கித் திரும்ப எடுத்துவிடுங்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைப் பூ கட்டும் அம்மா ஒருவரைச் சுற்றித்தான் எங்கள் படம். கை குளோசப் நீளமாக இருக்க வேண்டும் என்கிறான் நண்பன். எனக்கு அது இழுவையாகத் தெரிகிறது. இதிலேயே மூன்று நாள் போய்விட்டது.
— மாணவர், ஆனையூர்

உங்கள் இருவர் கண்ணும் ஒரே நல்ல இடத்தில் விழுந்திருக்கிறது, அதில் சந்தோஷம். அந்தக் கையையே கிட்டத்தில் பார்ப்போம். பூக்களை இரண்டிரண்டாக எதிரெதிர்த் திசையில் வைக்கிறார், வாழைநாரைச் சுற்றுகிறார், சுண்டி இறுக்குகிறார். இது ஒரு சுற்று. பார்ப்பவர் முதல் சுற்றில் 'எப்படிக் கட்டுகிறார்' என்று பார்ப்பார். இரண்டாவது சுற்றில் வேகத்தை ரசிப்பார். மூன்றாவதில் புதிதாக எதுவும் இல்லை. எனவே சும்மா தொழிலைக் காட்டும் இடம் என்றால் ஒரு முழுச் சுற்று விட்டு, இரண்டாவது சுற்றின் இறுக்கத்தில் வெட்டுங்கள். கதையில் அவர் ஏதோ ஒரு செய்தி கேட்டுக் கை நின்றுபோகும் இடம் என்றால் கணக்கு மாறும். அங்கே மூன்று சுற்று விட்டால்தான் நாலாவது சுற்றில் கை நிற்பது நெஞ்சில் படும். நீளம் கூடாது என்பவரும் வேண்டும் என்பவரும் முதலில் இது எந்த இடம் என்பதைப் பேசி முடிவு செய்யுங்கள்.

வைடு ஷாட்டிலிருந்து கைக்குப் போகும் வெட்டையும் இந்த இறுக்கத்தில்தான் வைக்க வேண்டும். வைடில் நாரை இழுக்கத் தொடங்கும்போது வெட்டி, குளோசப்பில் இழுத்து முடிக்கட்டும். கணக்குப்படி அதே ஃபிரேமில் சேர்த்தால் ஏனோ தாவுவது போலத் தெரியும். குளோசப்பில் அதே அசைவு திரையில் அதிக தூரம் கடப்பதால் வேகமாகத் தோன்றுகிறது. குளோசப்பை இரண்டு மூன்று ஃபிரேம் முன்னால் இருந்து தொடங்குங்கள். அசைவு கொஞ்சம் திரும்ப நடந்தாலும் கண்ணுக்கு ஒரே இழுப்பாகத்தான் படும். சத்தம் போட்டு ஏலம் கூறும் மார்க்கெட் ஒலி இரண்டு ஷாட்டுக்கும் அடியில் உடையாமல் ஓட வேண்டும்.

சண்டை குறைய ஒரு வழி. ஒரு காட்சியின் முதல் வெட்டை ஒருவர் தனியாகச் செய்யட்டும். மற்றவர் பக்கத்தில் உட்கார வேண்டாம். பிறகு இருவரும் நிறுத்தாமல் ஒருமுறை பாருங்கள். குறிப்பு எழுதும்போது 'இங்கே வெட்டு' என்று எழுதாமல், '3:12-இல் அம்மா யாரைப் பார்க்கிறார் என்று புரியவில்லை' என்று சிக்கலை மட்டும் நேரத்தோடு எழுதுங்கள். தீர்வை வெட்டியவரே கண்டுபிடிக்கட்டும். அப்படியும் முடியவில்லையா? டைம்லைனை நகலெடுத்து இரண்டு விதமாகவும் வெட்டி, கதை தெரியாத ஒருவருக்கு விளக்கம் எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, எந்த நொடியில் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

மாசி வீதியில் எடுத்த வசனக் காட்சி. ஒவ்வொரு வெட்டிலும் பின்னணிச் சத்தம் மாறி மாறிக் கேட்கிறது. ஒரு முக்கியமான வார்த்தையில் ஹாரன் வேறு. தனி ரெக்கார்டரில் பதிவு செய்தோம், ஆனால் சில டேக்கில் கிளாப் அடிக்க மறந்துவிட்டோம்.
— மாணவிகள் இருவர், செல்லூர்

கிளாப் (படத்தையும் ஒலியையும் பொருத்துவதற்காக அடிக்கும் பலகை) இல்லாத டேக்கை முதலில் சேர்த்துவிடுவோம். கேமராவிலும் சுமாரான ஒலி பதிவாகியிருக்கும். மீடியா பூலில் படத்தையும் ரெக்கார்டர் ஒலியையும் தேர்ந்து 'ஆட்டோ சிங்க்', 'வேவ்ஃபார்ம்' கொடுத்தால் பெரும்பாலும் பொருந்திவிடும். தெருச் சத்தத்தில் அது தடுமாறினால், 'ப' அல்லது 'ம' வரும் சொல்லைத் தேடுங்கள். 'அப்பா', 'அம்மா' எது கிடைத்தாலும் சரி. அந்த எழுத்துகளுக்கு உதடு மூடித் திறந்தே ஆக வேண்டும். உதடு திறக்கும் ஃபிரேமில், ஒலி அலையில் அந்த எழுத்து வெடிக்கும் இடத்தைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். ரெக்கார்டர் 44.1 கிலோஹெர்ட்ஸில் இருந்ததா என்றும் பாருங்கள். வீடியோவுக்கு 48 தான் வழக்கம்.

சத்தம் மாறுவதற்கு மருந்து ஆம்பியன்ஸ், அதாவது அந்த இடத்தின் பின்னணி ஒலி. அதே தெருவில், அதே நேரத்தில், யாரும் பேசாமல் ஒரு நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை பதிவு செய்து, வசன டிராக்குக்கு அடியில் காட்சி முழுவதும் ஓட விடுங்கள். ஷூட்டிங்கில் எடுக்காவிட்டால், ரெக்கார்டரோடு மறுபடி போய் எடுத்துவிட்டு வாருங்கள். உள்ளூர்ப் படம் என்பதால் உங்களுக்கு அது ஒரு வசதி. ஒவ்வொரு வசன வெட்டிலும் இரண்டு முதல் நான்கு ஃபிரேம் கிராஸ்ஃபேடு (ஓர் ஒலி குறைய அடுத்தது ஏறுவது) கொடுங்கள். பின்னணி இரைச்சலை நீக்கும் பிளக்-இன்னை முழு அளவில் போட வேண்டாம். குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். அதற்குத் தெருச் சத்தமே மேல்.

ஹாரன் விழுந்த வார்த்தைக்கு, வேறு டேக்கில் அதே வார்த்தையைத் தேடி எடுத்து ஒட்டுங்கள். உதடு சற்றே தப்பினால், அந்த இடத்தில் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்துக்கு வெட்டிவிடுங்கள். படம் அங்கே போய்விட்டால் உதட்டை யாரும் பார்க்கப் போவதில்லை, பல நேரம் காட்சியே இன்னும் நன்றாகிவிடும். வசனத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல், பெரும்பகுதி மைனஸ் 12-ஐ ஒட்டி இருக்கட்டும்.

டைட்டிலில் தமிழ் எழுத்து உடைகிறது. 'கொ' என்று அடித்தால் கொம்பு தனியாக, 'க' தனியாக வருகிறது.
— மாணவர், உசிலம்பட்டி

சாஃப்ட்வேரின் எழுத்து இன்ஜின் இந்திய மொழிகளுக்கு ஏற்ப அமைக்கப்படவில்லை என்று அர்த்தம். பிரீமியரில் பிரிஃபரன்சஸ், கிராஃபிக்ஸ் பகுதியில் 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்ற டெக்ஸ்ட் இன்ஜினைத் தேர்ந்தெடுத்து, புதிதாக டைட்டில் அடியுங்கள். மற்ற சாஃப்ட்வேரில் உடைந்தால், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை சாஃப்ட்வேரில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவில் 1920-க்கு 1080 அளவில் டைட்டில் செய்து, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக எடுத்து டைம்லைனில் வையுங்கள். சப்டைட்டில் எஸ்.ஆர்.டி. ஃபைலை நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங் 'யு.டி.எஃப். 8' என்று இருக்கிறதா பாருங்கள். 'ஏ.என்.எஸ்.ஐ.' என்று இருந்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாக வரும். பெயர்களை இருவரும் தனித்தனியாகச் சரி பாருங்கள். உதவியவர் பெயரில் ஒற்றுப் பிழை வந்தால் அவருக்கு வலிக்கும்.

பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் பின்னணியில் 20 நொடி மட்டும் போடலாமா?
— மாணவி, வாடிப்பட்டி

'இத்தனை நொடி வரை இலவசம்' என்று ஒரு விதி கிடையாது. யூடியூபில் ஏற்றினால் தானியங்கி முறையிலேயே பிடிபடும், திரைப்பட விழாக்கள் உரிமைக் கடிதம் கேட்கும். டீக்கடை ரேடியோவில் பாட்டு ஓடும்போது எடுத்த வசனத்துக்கும் இதே சிக்கல்தான், அதனால் ஷூட்டிங்கின்போதே அணைக்கச் சொல்லுங்கள். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. அதைவிட, உங்கள் கல்லூரியில் தவில், பறை, நாதஸ்வரம் வாசிக்கத் தெரிந்த மாணவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிப் பதிவு செய்யுங்கள்.

படம் முடிந்தது. கல்லூரி அரங்கில் திரையிட எந்த ஃபார்மட்டில் எடுப்பது?
— மாணவர்கள், திருமங்கலம்

எச்.264, எம்.பி.4, 1920-க்கு 1080, டைம்லைன் என்னவோ அதே ஃபிரேம் ரேட், நொடிக்கு 20 மெகாபிட், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் ஏ.ஏ.சி. 12 நிமிடப் படம் ஏறத்தாழ 1.8 ஜிபி வரும். யூடியூபுக்கும் இதே ஃபைல் போதும். எஃப்.ஏ.டி. 32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேலான ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

திரையிடலுக்கு முந்தைய நாளே அரங்குக்குப் போய், அங்கே உள்ள கம்ப்யூட்டரில், அங்கே உள்ள ஸ்பீக்கரில் முழுப் படத்தையும் ஓட்டிப் பாருங்கள். ஒருவர் முதல் வரிசையில், மற்றவர் கடைசி வரிசையில் உட்காருங்கள். ஜன்னல் வெளிச்சம் உள்ளே வரும் அரங்கில் புரொஜெக்டர் இருட்டுக் காட்சிகளை விழுங்கிவிடும். இரவுக் காட்சிகளின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி இரண்டாவது ரெண்டர் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில அரங்குகளில் இடது சேனல் மட்டும்தான் ஸ்பீக்கருக்குப் போகும். உங்கள் வசனம் வலது சேனலில் மட்டும் இருந்தால் படம் ஊமையாக ஓடும். ரெண்டருக்கு முன் வசன டிராக்குகளை மோனோவாக மாற்றி, இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று ஹெட்போனில் ஒவ்வொரு காதாகக் கேட்டுவிடுங்கள்.